ஒரு சாண்

கடலணை மேல் பாதை நேர்கோடு,
ஹோல்வெர்ட் வரை திருப்பமே கிடையாது.
இடப்பக்கம் நீர் வற்றிய சேற்றுக்கடல்,
வலப்பக்கம் கிழங்கு நட்ட வயல்கள்,
எதிரே காற்று.
ஏப்ரல் மாலை. ஃபிரீஸ்லாந்தில் அந்த வேளைக்
காற்றோடு வாதாடிப் பயனில்லை,
தலையைக் குனிந்து மிதிக்க வேண்டியதுதான்.

அப்படிக் குனிந்தபோது பார்த்தேன்.
முதுகுப்பக்க வெயிலில்
எனக்கு முன்னே நீண்டு ஓடிய என் நிழலுக்கு
இரண்டாவதாக ஒரு தலை.

எவ்வளவு நேரமாக?
மணி அடிக்கவில்லை. வணக்கம் இல்லை.
என் பின்சக்கரத்துக்கும் அவன் முன்சக்கரத்துக்கும்
ஒரு சாண் இருந்தால் அதிகம்.
என் முதுகைச் சுவராக்கி
ஓசியில் வந்துகொண்டிருக்கிறான்.
வேகம் கூட்டினேன், கூட்டினான்.
குறைத்தேன். முந்திப் போகவில்லை.

மூக்கு ஒழுகியது.
தனியாக இருந்தால் ஒரு பக்கம் அழுத்தி
காற்றில் சிந்திவிடலாம்.
இப்போது பின்னால் ஒரு முகம் இருக்கிறது.
உறிஞ்சிக்கொண்டேன்.
யாரென்றே தெரியாதவனுக்காக
நான் ஏன் உறிஞ்ச வேண்டும்?

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.
ஆளில்லாத அணை. ஒரு பெண். பின்னால் ஓர் ஆண்.
அதை விரிக்க வேண்டாம், விளங்கும்.

பாதையில் செம்மறிக்குட்டி ஒன்று
சூடான தாரில் வயிறு பரப்பிப் படுத்திருந்தது.
நான் கடைசி நொடியில் விலகினால் போதும்,
எனக்கு ஒன்றும் ஆகாது.
விழுவது எப்போதும் பின்னால் வருபவன்தான்.
என் தோழி ஸ்யௌக்யே இப்படித்தான்
முன்னால் போனவரின் சக்கரத்தில் உரசி
காறையெலும்பில் தகடு வைத்துக்கொண்டவள்.
முன்னால் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யோசித்து முடிப்பதற்குள்
என் இடக்கை தாழ்ந்து குட்டியைக் காட்டிவிட்டது.
எனக்கே அது பிடிக்கவில்லை.

ஆட்டுக் கதவில் இறங்கியே ஆக வேண்டும்.
அவன் ஓடிவந்து கொக்கியைத் தூக்கிப் பிடித்தான்.
ஒல்லியான ஆள், காதுவரை சிவந்திருந்தான்.
"ரொம்ப நன்றி. ட்யாலிங் என் பேர்.
ஸ்வார்ட்ட ஹான் தாண்டியதுமே கேட்டேன்,
பின்னால் வரட்டுமா என்று.
நீங்கள் கையசைத்தீர்கள்."

கையசைத்தேனா?
கண்ணருகே ஒரு கொசுக்கூட்டம். விரட்டினேன்.
அவன் கேள்வியோ
அவன் வாயிலிருந்து புறப்பட்டதும்
பின்பக்கமாய்ப் பறந்திருக்கும்.
எதிர்காற்றில் பின்னால் இருப்பவன் குரல்
முன்னால் போகிறவளுக்கு வந்து சேராது.
எட்டுக் கிலோமீட்டர் நான் அவனைத் திட்ட,
அவன் எனக்கு நன்றி சொல்லியபடி வந்திருக்கிறான்.

"பரவாயில்லை" என்றேன். கொசுவைச் சொல்லவில்லை.
"இனி என் முறை" என்று முன்னால் ஏறினான்.

அவன் பின்னால் புகுந்ததும்
யாரோ கதவைச் சாத்தியது போலக்
காற்று நின்றது.
என் மூச்சு எனக்கே கேட்டது.
ஆனால் பாதை காணாமல் போயிற்று.
கடல் இல்லை, வயல் இல்லை,
ஒரு மட்கார்டு, அதில் பாதி உரிந்த ஸ்டிக்கர்,
குதிகாலில் கிழிந்த காலுறை.
என் பற்களும் முழங்காலும்
அந்தக் காலுறைக்காரன் கண்ணை நம்பி ஓடின.

தடார்.
குழி. கைப்பிடி உதறியது, நாக்கைக் கடித்தேன்.
அவன் கை காட்டவில்லை.
அவனுக்கு அது யாரும் சொல்லித்தராத பழக்கம் போலும்.

"குழி வந்தால் காட்டு!" என்று கத்தினேன்.
அவன் தலை திரும்பவில்லை.
காற்று என் சொல்லை வாரிப் பின்னால் கொண்டுபோய்
செம்மறிகளிடம் கொடுத்தது.

பிரேக்கை லேசாகத் தொட்டு
ஒரு சாணை இரண்டு முழமாக்கினேன்.
குளிர் கொஞ்சம் உள்ளே வந்தது.
பாதையும் கொஞ்சம்.